ஐந்தில் இரண்டு

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் வாயாடி எழுதுவது. நலம் என்று பொய் எழுத மனமில்லை.

என் மகன் என்னை மறதிக்காரர்கள் விடுதியில் தள்ளிவிட்டான். ஒரே ஒரு நாள் அடுப்பை அணைக்காமல் விட்டேனாம். இங்கே ஜன்னல் நாலு விரல் அகலம்தான் திறக்கும். வாசலுக்கு எண் பூட்டு.

சோதனை எடுக்க ஒரு பெண் வந்தாள். "பாட்டி, அஞ்சு வார்த்தை சொல்றேன். கொஞ்ச நேரம் கழிச்சுக் கேட்பேன், அப்படியே சொல்லணும், சரியா?" என்றாள். உப்பு, பேனா, கதவு, கடிகாரம், நாற்காலி. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நம் சோதனை! உளவியல் துறையில் நான் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தபோது, படிக்காத பெண்களுக்கும் பொருந்த வேண்டும் என்று என்னை எதிரே உட்காரவைத்து நீங்கள் பொறுக்கிய வார்த்தைகள் என்ன? உப்பு, ஊசி, கதவு, ஆடு, துடைப்பம். உங்கள் வீட்டுக்காரர் மூன்றை மாற்றி, தன் பெயரைப் போட்டு அச்சடித்தார். நீங்கள் வாயே திறக்கவில்லை.

அவள் திருப்பிக் கேட்டபோது நான் நம்முடையதைத்தான் சொன்னேன். ரோஷம். 'ஐந்தில் இரண்டு' என்று எழுதிக்கொண்டு போய்விட்டாள். அது உங்கள் சோதனை, நான் சொன்னது உங்கள் வார்த்தைகள் என்று இவர்களுக்கு ஒரு கடிதம் போடுங்கள். நான் வெளியே வர வேண்டும்.

இப்படிக்கு,
வாயாடி


மார்ச் 14

அன்பு வாயாடிக்கு,

படித்துச் சிரித்தேன். பிறகு சிரிக்க முடியவில்லை.

நீ கேட்கும் கடிதத்தை என்னால் எழுத முடியாது. அடுத்த மாதம் அவருக்குப் பாராட்டு விழா. விழா மலருக்கு அவர் பெயரில் கட்டுரை எழுதுவதும் நான்தான். கணவன் மனைவி இருவருக்கும் ஒரே துறையில் வேலை இல்லை என்று பல்கலைக்கழகத்தில் அன்று சொன்னார்கள். 'தட்டச்சு செய்து உதவினேன், அவ்வளவுதான்' என்று கையெழுத்துப் போட்டால் அடுத்த வருஷம் எனக்கும் ஒரு இடம் தருவதாகச் சொன்னார்கள். போட்டேன். தரவில்லை.

மறுபடி சோதிக்கச் சொல். அச்சில் இருக்கிறபடி ஒப்பித்துவிட்டு வெளியே வா. வீம்பு பிடிக்காதே, கண்ணு.

உன்,
அக்கா


மார்ச் 29

அக்காவுக்கு,

ஒப்பித்தேன். ஐந்துக்கு ஐந்து. "சூப்பர் பாட்டி!" என்று அந்தப் பெண் கைதட்டினாள். மகனும் வந்திருந்தான். "சந்தோஷம்மா. ஆனா இங்கயே இரும்மா, பழகிடுச்சுல்ல" என்றான். வீட்டில் என் அறையில் மருமகள் ஆபீஸ் போட்டுவிட்டாளாம்.

பேனா என்று சொல்லும்போது நம் ஊசியை நானே தூக்கி எறிந்த மாதிரி இருந்தது. சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று நம்பித்தான் சொன்னேன்.

முப்பத்தெட்டு வருஷமாக உங்களை மனதுக்குள் வைதுகொண்டிருக்கிறேன். அன்று கையெழுத்துப் போடும்போது உங்களுக்கும் இப்படித்தான் இருந்ததா? அதற்கு மட்டும் பதில் எழுதுங்கள். விழா மலரெல்லாம் அனுப்ப வேண்டாம்.

வாயாடி