வித்துராவில் விட்டதாகச் சொன்ன மைனா

உன் அம்மா சாலைக் கடைத்தெரு வீட்டிலிருந்து கொடுத்தனுப்பிய பிஸ்கட் டின்னை இன்று காலை திறந்தேன். நீ இறந்துபோய் மூன்று மாதமாகிறது. "உன் கையெழுத்து இருக்கிறதெல்லாம் இதுல போட்டிருக்கேன், மக்ளே" என்று என்னிடம் போனில் சொன்னார். நான் எழுதிய சீட்டுகளுக்கு நடுவே ஒரு சிவப்பு பிளாஸ்டிக் வளையம், ஓரிடத்தில் வெட்டப்பட்டுக் கிடந்தது.

அது தானாகக் கழன்று விழாது. பொன்முடி அடிவாரத்தில், வித்துராவில் நாம் பிடித்த மைனாவின் காலில் நான்தான் மாட்டிப் பசை வைத்து ஒட்டினேன். உயிரோடு விடும் பறவை வளையத்தோடு போகும். செத்ததன் காலிலிருந்து மட்டுமே வெட்டி எடுப்போம்.

உறக்கம் கெட்டால் காட்டுப் பறவையின் நினைவு என்ன ஆகிறது என்று தொண்ணூறுகளின் கடைசியில் நாம் சேர்ந்து செய்த ஆய்வு அது. ஓர் இரவு மட்டும் மைனாவை விழிக்க வைப்பது உன் வேலை. மறுநாள் காலையில் கிண்ணங்களை வைத்துச் சோதிப்பதும் ஒரு துளி இரத்தம் எடுப்பதும் என் வேலை. நீல மூடிக்கடியில்தான் தீனி என்று நன்றாகப் பழகிய அந்தச் சிவப்பு வளைய மைனா, நம் 'சிவப்பு', அன்று காலை மஞ்சள் மூடியையே கொத்திக்கொண்டிருந்தது. வெறும் கிண்ணம் என்று கண்டபின்னும் கொத்தியது. பயத்தில் ஏறும் கார்ட்டிகோஸ்டிரோன் ஹார்மோன் அதன் இரத்தத்தில் மற்ற மைனாக்களைவிட மிக அதிகம். ஒரே இரவிலா இவ்வளவு என்று கேட்டேன்.

"பின்னே? ஒரு ராத்திரி உறக்கம் போனா நீ மனுசியாவா இருக்க? எழுதுட்டி."

எழுதினேன், 'ஓர் இரவு' என்று. மறுவாரம் நான் காய்ச்சலில் கிடந்தபோது அதை வித்துராவிலேயே விட நீ தனியாகக் கூண்டோடு பஸ் ஏறினாய். திரும்பி வந்து, "செவப்பு பறந்து போயாச்சு, கேட்டியா. திரும்பிக்கூட நோக்கல்ல, நன்றி கெட்டது" என்றாய். 'விடப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். ஆய்வேட்டின் அந்த அத்தியாயத்தால்தான் எனக்குப் பட்டம் கிடைத்தது.

செத்துப்போச்சு என்று சொல்லியிருந்தால் திட்டியிருப்பேன். இரண்டு நாள் பேசாமல் இருந்திருப்பேன். அவ்வளவுதானே?

அதைக்கூடப் பொறுத்துவிடலாம். ஆனால் இரண்டு வருடம் கழித்து நாம் பொன்முடிக்குப் போனோமே, அன்று வித்துராவில் பஸ் நின்றதும் நான் வழக்கம்போல் டீக்கடை வாசலில் மேயும் மைனாக்களின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ என் விலாவில் இடித்தாய். "ஏட்டி, அங்க நோக்கு! நம்ம செவப்பு!" நான் திரும்புவதற்குள் பறந்துவிட்டது என்றாய். மலை ஏறும்வரை அதைப் பற்றியே பேசினேன். நீ ஆரஞ்சு உரித்துச் சுளை சுளையாக என் கையில் வைத்துக்கொண்டே வந்தாய்.

இந்த வளையத்தை ஏன் எறியாமல் வைத்திருந்தாய்? என்றாவது சொல்ல நினைத்தாயா?

பழைய நோட்டை எடுத்து 'விடப்பட்டது' என்பதை அடித்துவிட்டேன். 'ஓர் இரவு' என்பதையும் அடித்தேன். மேலே எத்தனை இரவு என்று எழுதுவது? அது உனக்கு மட்டுமே தெரியும். அந்த இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன்.

அடுத்த முறை வித்துராவில் பஸ் நிற்கும்போதும் என் கண் மைனாக்களின் கால்களுக்குத்தான் போகும், சிவப்பு இல்லை என்று தெரிந்த பின்னும்.