தகப்பன் பெயர்க் கட்டத்தில் ஒரு கோடு

அப்பா,

கருப்பு எள்ளை உள்ளங்கையில் கொட்டித் தண்ணீர் விட்டதும் எழுந்த அந்த வாடையில் உங்கள் நினைவு வந்துவிட்டது. இன்று அமாவாசை. உங்கள் தலைத் திவசம் முடிந்து நான் கொடுக்கும் முதல் தர்ப்பணம். இங்கே வளைகுடாவில், மங்காஃப் வீட்டில் வாஷிங் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே, நீங்கள் உட்காரும் அதே இடத்தில், அதே எவர்சில்வர் தாம்பாளத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஊரிலிருந்து ஐயர் போனில் மந்திரம் சொல்ல ஆரம்பித்தார். மூன்று தலைமுறைப் பெயர்களைக் கேட்பார். முதல் பெயர் இப்போது உங்களுடையது. இரண்டாவது மாணிக்கம் தாத்தா. மூன்றாவது பெயரைச் சொல்வதா வேண்டாமா என்றுதான் காலையில் எழுந்ததிலிருந்து யோசித்துக்கொண்டிருந்தேன்.

முன்பெல்லாம் நீங்கள் அந்தப் பெயரைக் கணீரென்று சொல்வீர்கள். கருப்பண்ணன். மலாயா ரப்பர் தோட்டத்தில் உழைத்து, அங்கம்மாளையும் கைக்குழந்தை மாணிக்கத்தையும் பத்திரமாக ஊருக்குக் கூட்டிவந்த உங்கள் தாத்தா. அவரைப் பற்றிப் பேசினால் உங்களுக்குத் தலைகால் புரியாது. டிராஃப்ட்ஸ்மேன் புத்தி, சும்மா இருக்குமா? முன்பு நாம் இருந்த ஃபர்வானியா வீட்டில் வெள்ளிக்கிழமைதோறும் டிரேஸிங் பேப்பரை விரித்து வம்சப் படம் வரைவீர்கள். கம்பெனி டிராயிங்கில்கூட அவ்வளவு சுத்தமாகக் கோடு விழுந்திருக்காது. அந்தப் படத்துக்காகத்தான் பினாங்கில் இருந்த அந்த ஓய்வுபெற்ற வாத்தியாருக்குக் கடிதம் எழுதினீர்கள். அவரும் பழைய பதிவேடுகளைத் துருவி இரண்டு நகல்களை அனுப்பினார்.

அவை வந்த அன்று சாப்பிட்டு முடித்ததும் என்னை உள்ளே கூப்பிட்டுக் கதவைத் தாழ்ப்பாள் போட்டீர்கள். உங்களுக்கு உடம்புக்கு ஏதோ என்றுதான் நினைத்தேன். ஒரு நகல், தோட்டத்துப் பிறப்புப் பதிவேடு. குழந்தை: மாணிக்கம். தாய்: அங்கம்மாள், பங்களா வேலை. தகப்பன் பெயர்க் கட்டத்தில் பேனாவால் இழுத்த ஒரு கோடு. அந்தப் பக்கத்தில் இருந்த மற்ற குழந்தைகளுக்கெல்லாம் தகப்பன் பெயர் இருந்தது. இன்னொரு நகல், கருப்பண்ணன் முதன்முதலாக மலாயாவில் கப்பலை விட்டு இறங்கிய பதிவு.

"தம்பி, தேதியப் பாரு" என்றீர்கள். "அவரு அங்க போய் எறங்குறப்பவே பிள்ளைக்கு ஆறு மாசம்."

"அப்ப யாருப்பா?"

"தெரியல. தெரிஞ்சிருமோன்னுதான் பயமா இருக்கு."

பங்களா என்றால் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் பங்களா. மாணிக்கம் தாத்தாவை ஊரில் எல்லோரும் பூனைக்கண்ணு மாணிக்கம் என்றுதான் கூப்பிடுவார்கள். இது இரண்டும் ஒரே நேரத்தில் நம் இருவருக்கும் உறைத்தது. நீங்கள் நகல்களை மடித்து உறையில் போட்டீர்கள். "எங்க அப்பாயி அந்த பங்களாவுல என்ன பாடு பட்டாளோ" என்றீர்கள். நீங்கள் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

வம்சப் படத்தைச் சுருட்டி அலமாரிக்கு மேலே வைத்தீர்கள். அதன் பிறகு தர்ப்பணத்தில் கருப்பண்ணன் பெயர் வரும்போது உங்கள் குரல் இறங்கிவிடும். பெயரை மாற்றிச் சொன்னால் வளர்த்தவருக்குத் துரோகம். அதையே சொன்னால் பொய்யோ என்ற பயம்.

பிறகு என் மகள் கயல் பிறந்தாள். ஆறு மாதத்தில் அவள் கண் தேன் நிறத்துக்குத் தெளிந்தது. லிஃப்டில் பார்க்கும் எகிப்துக்கார டீச்சர் "மாஷா அல்லாஹ்" என்று கன்னத்தைத் தொடும்போதெல்லாம் உங்கள் முகம் வெளிறிப்போகும். பேத்திக்கு உயிரையே கொடுப்பீர்கள், ஆனால் அவள் முகத்தை நேராகப் பார்க்க மாட்டீர்கள். எனக்கு அப்போது உங்கள் மேல் கோபம் வந்தது. கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

நீங்கள் தேடுவதை நிறுத்தவில்லை என்பது போன வாரம்தான் தெரிந்தது. அணைக்க மனசில்லாமல் சார்ஜ் போட்டு வைத்திருக்கும் உங்கள் போனில் ஒரு மெயில். பினாங்கு வாத்தியாருக்கு நீங்கள் போனது தெரியாது. 'நீங்கள் கேட்ட பங்களா ஆட்களின் பதிவேடு கிடைத்துவிட்டது, இணைத்திருக்கிறேன்' என்று எழுதியிருந்தார். அந்த இணைப்பின் மேல் விரலை வைப்பதும் எடுப்பதுமாக ஏழு நாள் போய்விட்டது. உள்ளே ஒரு பெயர் இருக்கலாம். அங்கம்மாளின் வாக்குமூலம் இருக்கலாம். ஒருமுறை படித்துவிட்டால் படிக்காத ஆளாக மறுபடி ஆக முடியாதே அப்பா.

"கொள்ளுத்தாத்தா பேரு?" என்று ஐயர் கேட்டார். நான் எள்ளைத் தாம்பாளத்தின் ஓரத்துக்கு ஒதுக்கினேன்.

"பேர் தெரியலேன்னாலும் பரவாயில்ல, அதுக்கும் வழி இருக்கு" என்றார்.

"தெரியும்" என்றேன். "கருப்பண்ணன்."

மூன்று முறை எள்ளும் தண்ணீரும் இறைத்தேன். என் குரலும் இறங்கியது. திரும்பினால் கதவோரம் கயல், ஸ்கூல் யூனிஃபார்மில்.

"தாத்தா மாதிரியே மெதுவா சொல்றீங்க" என்றாள். பிறகு, "தாத்தா என்கூட பேசுறப்ப எப்பவும் டைல்ஸையே பாப்பாரு. ஒன் வீக்கா நீங்களும் அப்படித்தான் பண்றீங்க. என் ஃபேஸ்ல ஏதாவது ராங்கா இருக்காப்பா?"

அந்த நிமிடமும் நான் டைல்ஸைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நிமிர்ந்து பார்த்தேன். அந்தத் தேன் நிறக் கண்ணில் பயம் நின்றது. தோட்டத்துப் பதிவேடு எதுவும் அந்தப் பயத்தை அவளுக்குக் கொடுக்கவில்லை அப்பா. உங்களிடமிருந்து எனக்கு வந்து, என்னிடமிருந்து அவளுக்குப் போயிருக்கிறது. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு நாம் இருவரும் சேர்ந்து எழுதிவைத்தது அதுதான்.

மெயிலை இன்னும் திறக்கவில்லை. என்றைக்காவது திறப்பேன். அதில் எவன் பெயர் இருந்தாலும் மூன்றாவது பெயர் கருப்பண்ணன்தான். அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் பிள்ளையோடு நின்றவளை ஊருக்குக் கூட்டிவந்தவர் அவர். அடுத்த அமாவாசைக்காவது உங்களுடைய பழைய குரலில் சொல்ல வேண்டும்.

"ஒண்ணும் ராங் இல்லம்மா" என்றேன், கண்ணைப் பார்த்தபடியே. "உன் தாத்தாவோட அப்பா கண்ணு அது. அவரப் பெத்த அம்மா பேரு அங்கம்மாள். சாயங்காலம் சொல்றேன், பெரிய கதை."

என் கையில் எள் இன்னும் ஒட்டியிருந்தது. கயல் அதைப் பிடித்துக்கொண்டாள்.