சிவப்பு வட்டத்துக்குள் என் கட்டைவிரல்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நீ நலமாக இருப்பதை உன் சானலைப் பார்த்தே தெரிந்துகொள்கிறோம். கன்னம் உப்பியிருக்கிறது, கடைச் சாப்பாட்டைக் குறைத்துக்கொள். உன் அத்தானுக்கு முதுகுவலி இன்னும் விடவில்லை. லீவு போடுங்கள் என்றால், பஸ்ஸை யார் ஓட்டுவது என்று என் மேலேயே பாய்கிறார்.

இரண்டு தடவை போன் செய்தேன். "ஷூட்டிங்ல இருக்கேன்கா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாய். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை. கடிதம் என்றால் நடுவில் குறுக்கே பேச மாட்டாய் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

போன வாரம் ஒரு கால்பந்து வீடியோவை எடுத்து, நிஜமா பொய்யா என்று அலசினாயே. தொப்பி போட்ட ஒரு பெண் கோல் கம்பத்துக்குப் பக்கவாட்டில், கோட்டின் மேலேயே பந்தை வைத்து உதைக்கிறாள். பந்து மைதானத்துப் பக்கம் போய், அப்படியே வளைந்து திரும்பி வலைக்குள் விழுகிறது. நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "பந்துக்கு ஸ்டியரிங் வெச்சிருக்காங்களா?" என்று கேட்டாய். நடுவில் திரையின் ஓரம் கண்ணிமைக்கும் நேரம் இருட்டாகும். அங்கே நிறுத்தி, சிவப்பு வட்டம் போட்டு, "மாட்டிக்கிட்டாங்க, இங்கதான் வெட்டி ஒட்டியிருக்காங்க" என்றாய்.

தம்பி, அது என் கட்டைவிரல்.

படம் எடுத்தது நான். உதைத்தது உன் அக்கா மகள். முதுகுதானே தெரிந்தது, உனக்கு அடையாளம் தெரியவில்லை. நீ இங்கிருந்து கிளம்பியபோது உன் இடுப்பளவு இருந்தவள் இப்போது என்னைவிட உயரம். பந்துக்கு நிழல் இல்லை என்று வேறு கண்டுபிடித்தாய். மேகம் மூடினால் உனக்கும்தான் நிழல் விழாது. உன்னையும் யாரோ ஒட்டிவைத்தார்கள் என்று சொல்லலாமா?

பெயர் போடாமல் உனக்கு அதை அனுப்பியதும் அவள்தான். "மாமா அசந்துபோய்ப் பேசட்டும், அப்புறமா நான்தான்னு சொல்றேன்" என்றாள். அன்று எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைத்தாள். அத்தான்கூடச் சட்டையை மாற்றாமல் வந்து உட்கார்ந்தார். நீ சிரிக்க ஆரம்பித்ததும் அவளும் கூடவே சிரித்தாள், விளையாட்டுக்குச் சொல்கிறாய் என்று. வட்டம் போட்டாயே, அப்போதுதான் எழுந்து உள்ளே போனாள். சமையலறைக் குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டே இருந்தது.

லீவு முழுக்க அந்த ஒரு உதையைத்தான் பழகினாள். தவறியதுதான் அதிகம். அன்று காற்றும் காலும் ஒத்துவந்தன, பந்து வளைந்தது. எப்போதோ ஒருமுறை நடந்தால் அது நடக்காததாகிவிடுமா?

பெரிய அணியின் பயிற்சியாளர் அந்த வீடியோவைப் பார்த்துத்தான் அவளைக் கூப்பிட்டிருந்தார். உன் தீர்ப்பையும் அவர் பார்த்திருக்கிறார். மறுநாளே, எல்லோர் முன்னாலும் செய்துகாட்டச் சொன்னார். மழையில் பந்து ஊறிக் கல் மாதிரி கிடந்தது. ஒன்றும் வளையவில்லை. கூடநின்ற பெண்கள் இரண்டு விரலைக் கத்தரிக்கோல் மாதிரி ஆட்டிக் காட்டினார்கள். அவர் அவளை வேறு எதுவும் ஆடச் சொல்லிப் பார்க்கவில்லை. "பொய் சொல்ற பொண்ணு எனக்கு வேணாம்மா" என்று என்னிடமே சொல்லிவிட்டு, அவளுடைய இடத்தை இன்னொருத்திக்குக் கொடுத்துவிட்டார்.

எனக்கு ரத்தம் கொதித்தது. அந்தச் சானலில் பேசுகிறவன் என் தம்பிதான், அவனையே இங்கே வரவழைக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் என் கையைப் பிடித்து இழுத்தாள். "வேணாம்மா, மாமா பேரு கெட்டுடும்" என்றாள்.

உன் பேரைப் பற்றி அவளுக்கு இருந்த கவலையில் பாதியாவது அவள் பேரைப் பற்றி உனக்கு இருந்திருக்கக் கூடாதா? யார் எடுத்தது, எங்கே எடுத்தது என்று ஒரு வார்த்தை கேட்டாயா? லட்சம் பேர் பார்க்க ஒரு பெண்ணைப் பித்தலாட்டக்காரி என்றாய். அது யார் வீட்டுப் பெண்ணாக இருந்தாலும் எனக்கு இதே கோபம்தான் வந்திருக்கும்.

நான் எழுதுவது அவளுக்குத் தெரியாது. தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று உன் சானலில் நீ சொல்லத்தான் வேண்டும், அதை நான் விடப்போவதில்லை. ஆனால் அதற்கு முன்னால் அவளைக் கூப்பிடு. மன்னிப்பு என்று ஆரம்பித்தால், பரவாயில்லை மாமா என்று முடித்துவிடுவாள். நம்புகிறேன் என்றும் சொல்லாதே. அந்தப் பந்தை எப்படி வளைத்தாய் என்று கேள். அவள் சொல்லி முடிக்கிறவரை கேட்டுக்கொண்டிரு.

நன்றாக இருடா. நேரத்துக்குச் சாப்பிடு.

உன்மேல் கோபமாக இருக்கும்,
அக்கா