செல்வியின் மாட்டுக்காக நான் சொன்ன பொய்

செவ்வாய், இரவு.

எழுத வேண்டியவை: 1. டாக்டர் கேட்டது. 2. நான் சொன்ன பொய். 3. அதனால் யாருக்கும் கெடுதல் இல்லை என்பது.

மாட்டுக்கு மாடு தொற்றும் கோமாரி நோய்க்குத் தடுப்பூசி போட அரசாங்கக் கால்நடை டாக்டர் இன்று தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய எங்கள் தெருவுக்கு வந்தார். பக்கத்து வீட்டுச் செல்வி தன் மாட்டைக் கரும்புக்குள் கட்டிவிட்டு, "தங்கச்சி வூட்டுல இருக்குது சார், தமிழ்நாட்டுல" என்றாள்.

"வாய்க்கால தாண்டினா தமிழ்நாடு. போய் ஓட்டிக்கினு வாம்மா" என்று சிரித்தவர், என் பக்கம் திரும்பினார். "வாத்தியாரே, மாடு இங்க இல்லியா?"

காலையில் அவள் அதைக் கரும்புக்குள் ஓட்டிப்போனதைப் பார்த்திருந்தேன். "இல்லைங்க" என்றேன்.

அவர் போனபின் செல்வி சொன்னாள்: "ஊசி போட்டா நாலு நாளு பாலு கொறஞ்சுடும் சார். புள்ளைங்களுக்கு இன்னா பண்ணுவேன்?" புருஷன் இல்லாதவள். அந்த மாட்டுப் பாலை நம்பித்தான் குடும்பம். சொன்னது சரி என்றே நினைத்தேன்.

சாயங்காலம் தெருத் தொட்டிக்கு அந்த மாட்டைத் தண்ணீர் காட்ட ஓட்டிவந்தாள். ஊசிக்கு இன்னும் வயதாகவில்லை என்று டாக்டர் விட்டுப்போன எதிர்வீட்டுக் கன்று, அதை ஒட்டி நின்று அதே தண்ணீரைக் குடித்தது.

மூன்றாவதாக எழுதியது தவறு. நாளை ஊசி போட மாட்டைப் பாகூர் மாட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப்போகச் செல்வியிடம் நான்தான் சொல்ல வேண்டும். கூட நடந்தும் போக வேண்டும்.