மூன்று ஆச்சரியக்குறிகள்

அன்புள்ள அம்மாவுக்கு, கும்பிடுகிறேன். முழங்கால் வலி தேவலையா? நான் சுகம்தான்.

அச்சகத்தில் இப்போது எனக்குப் பிழை திருத்தும் வேலை. காற்புள்ளி, முற்றுப்புள்ளி எல்லாம் கற்றுக்கொண்டேன். தெருவில் எந்தப் பலகையைப் பார்த்தாலும் திருத்தக் கை பரபரக்கிறது. நேற்று முதலாளி ஓர் அறிவிப்பு தந்தார்: "அனுமதியின்றி வெளியே போகக் கூடாது!!!" மூன்று குறியில் இரண்டை நீக்கிவிட்டேன்.

"ஒண்ணு போட்டா எவன்டா பயப்படுவான்? மூணையும் போட்டு, மாடியில உங்க ரூம் கதவுல ஒட்டு" என்றார்.

கோணாமல் ஒட்டினேன். அங்கே தங்கியிருக்கும் எல்லோரும் சிரித்தோம்.

பழைய கைலி ஒன்று அனுப்பு, நீ துவைத்ததாக இருக்கட்டும். உன் கடிதத்தில் புள்ளியே இல்லையென்று இனிக் கேலி செய்யமாட்டேன். அப்படியே எழுது, எங்கேயும் நிற்காமல் எழுது. கதவைப் பூட்ட வந்துவிட்டார்கள், பேனாவை வைக்கிறேன்

உன் மகன்