சங்கு ஊதும் நேரம்

நெய்வேலி
3-2-1964

அன்பு அக்காவுக்கு ஆதிலட்சுமி எழுதிக்கொள்வது. நீ கொடுத்தனுப்பிய நொய்யரிசி வந்து சேர்ந்தது. அவருக்கு இப்போது கஞ்சி மட்டும்தான் இறங்குகிறது.

தொண்டையில் இருப்பது புற்று என்று டாக்டர் என்னிடம் மட்டும் சொன்னார். அவரிடம் வெறும் புண் என்று சொல்லி வைத்திருக்கிறேன். மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் புற்றுக்குக் கரண்ட் வைத்தும் பலனில்லை. பக்கத்து குவார்ட்டர்ஸ் அம்மாள் ஒட்டிக்கொள்ளுமென்று வாசலோடு பேசிவிட்டுப் போய்விடுகிறாள். நாளெல்லாம் சிரித்த முகமாக நடமாடி எனக்குத் தாடை வலிக்கிறது. யாரிடம் போய் அழுவேன் சொல். மாமாவை இதே நோயில் பார்த்துக்கொண்டவள் நீ. ஒரு வழி சொல்லேன்.

உன் தங்கை
ஆதி


குறிஞ்சிப்பாடி
7-2-1964

என் கண்ணான ஆதிக்கு,

உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மாப்பிள்ளை எதிரில் மட்டும் கண்கலங்கிவிடாதே. நான் அழுததைப் பார்த்த அன்றுதான் உன் மாமா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். பிறகு என் முகத்தையே பார்க்கவில்லை. அது இன்னும் எனக்கு ஆறவில்லையடி.

உங்கள் ஊரில் ஷிப்டுக்குச் சங்கு ஊதுமே, அப்போது கொல்லைப்பக்கம் போய் வாய்விட்டு அழுதுவிட்டு வா. உள்ளே கேட்காது. அறுப்பு முடிந்ததும் ஓடி வருகிறேன். நீயும் வேளைக்குச் சாப்பிடு, மகராசி.

அக்கா
கலியம்மாள்


நெய்வேலி
20-5-1964

அக்காவுக்கு,

காரியம் முடிந்து நீ ஊருக்குப் போன பிறகு, அவரோடு மைன்சில் வேலை பார்த்த பழனிவேல் அண்ணன் வந்தார். என் வீட்டுக்காரர் படுக்கையில் கிடந்தபோது தன்னிடம் சொல்லி வருத்தப்பட்டதை இப்போதுதான் என்னிடம் சொன்னார்.

"சங்கு ஊதுனா, ஷிப்டுக்குப் போவ முடியலயேன்னு நெஞ்சை அடச்சிக்கினு வருது பழனி. அந்த நேரம் பாத்து ஆதி எழுந்து போயிடுது. பக்கத்துல குந்திக்கினு இருந்தா தேவல."

தினமும் அந்த நேரத்தில்தான் அவரைத் தனியே விட்டுவிட்டுக் கொல்லையில் நின்று அழுதிருக்கிறேன். நீ கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்று தெரியும். ஆனாலும் உன்மேல் கோபமாக இருக்கிறது. இனி யாரிடமும் எதையும் மறைப்பதாக இல்லை.

குறிஞ்சிப்பாடிக்கு வந்துவிடு, அங்கே இந்தச் சங்குச் சத்தம் இருக்காது என்று சொல்லிவிட்டுப் போனாய். நான் வரவில்லை. கொஞ்ச நாள் எனக்குக் கடிதமும் போடாதே. குவார்ட்டர்சைக் காலி செய்யச் சொல்லும்வரை இங்கேதான் இருப்பேன். சங்கு ஊதினால் அவர் கட்டிலருகே போய் உட்கார்ந்துகொள்கிறேன்.

ஆதிலட்சுமி