திருப்பிப் பதித்த பீங்கான் ஓடுகள்

கொழும்பு, 1912, புரட்டாசி 12

முக்கூடலில் இருக்கும் தீர்த்தரூபரான அப்பாவுக்குக் கோபாலசுப்பிரமணியன் நமஸ்காரம். தங்கள் முழங்கால் வலி தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். என் மகள் கோமு எழுதியதை வைத்து என் முறையீடுகள்:

1. ஆவணி 3: அடுக்களைச் சுவரைத் தினமும் சாணமிட்டு மெழுகி என் மனைவி வாலாம்பாளின் கை வெடிக்கிறதே என்று, அடுப்புக்குப் பின்னால் பதிக்கப் பீங்கான் ஓடுகள் அனுப்பினேன். தாங்கள் அவற்றை மாட்டுக்கொட்டிலில் போட்டீர்கள்.

2. ஆவணி 20: கொத்தனார், "வழுக்குத பக்கத்துல சுண்ணாம்பு நிக்காது சாமி" என்று மன்றாடியும், "சீமைச் சரக்கோட மூஞ்சியில நான் முழிக்கணுமா? திருப்பிப் பதிடா!" என்றீர்கள்.

3. புரட்டாசி 4: அப்படிப் பதித்த ஓடு கொதிக்கும் ரசத்தில் விழுந்து அவள் கை வெந்தது. அவளுடைய கவனக்குறைவு என்றீர்கள்.

என்னிடம் மீந்த நான்கு ஓடுகளை நானே நனைத்து, பளபளப்பு வெளியே தெரிய, இங்கே என் அடுப்புச் சுவரில் பதித்தேன். சுத்தியல் கட்டைவிரலில் பட்டது. ஆறிவிட்டது, கவலை வேண்டாம். ஓடுகள் அசையவில்லை. கடல் கடந்த நான் வீட்டுக்குள் வரலாம், நான் அனுப்பிய ஓடு முகம் காட்டக்கூடாதோ?

சுண்டைக்காய் வற்றல் கொஞ்சம் அனுப்பச் சொல்லுங்கள். தனியே சாப்பிடும் சோறு இறங்குவதில்லை. கை ஆறியதும் வாலாம்பாள் ஒரு வரி எழுதட்டும்.

ஓடுகளைப் பெயர்த்து நேராகப் பதிக்கச் சம்மதம் என்று ஐப்பசி முதல் தேதிக்குள் தாங்கள் கைப்பட எழுத வேண்டும். தவறினால், வாலாம்பாளைத் தூத்துக்குடியில் கப்பலேற்றி அழைத்துவர நானே வருவேன். பிறகு அந்தச் சுவரைத் தாங்களே மெழுகிக்கொள்ளலாம்.

கோபாலசுப்பிரமணியன்